அம்மாவின் சாம்பல் நிறக் கோட்டு

அந்த மே மாதம் டோர்குனின் பக்கம் சத்தமே இல்லை. நார்வேயின் வடகரையை ஒட்டிய அந்தத் தட்டைத் தீவில் சத்தம் என்றால் ஈடர் வாத்துகளின் சத்தம்தான். காற்றை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை, அது நின்றால்தான் ஆட்கள் தடுமாறி விழுவார்கள். ஆண் வாத்துகள், யாரோ அடுத்த வீட்டு ரகசியத்தைப் போட்டு உடைத்துவிட்டதுபோல், "ஆ... ஊ" என்று நாளெல்லாம் வியக்கும். இந்த ஆண்டு அந்த வியப்பு முழுக்கக் கல்சுவருக்கு அப்பால், தங்கை எல்ட்ரிட்டின் பக்கம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அம்மா போனபின் இருவரும் தீவைப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆளுக்குப் பதினேழு பறவை வீடுகள்: முழங்கால் உயரக் கல் கூடுகள், உள்ளே உலர்ந்த கடற்பாசி. வாத்துகள் கடலிலிருந்து ஏறி வந்து, தம் மார்புத் தூவியைத் தாமே பிடுங்கி மெத்தையிட்டு அடைகாக்கும்; குஞ்சுகளோடு அவை கடலுக்குத் திரும்பியபின் அந்த மெல்லிறகு வீட்டுக்காரருக்கு, விற்க. அதுவரை துணி உலர்த்தக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, உடுத்தியதை மாற்றவும் கூடாது. வாத்துக்கு முகம் தெரியாது, உடைதான் தெரியும்.

அம்மா நாற்பது ஆண்டுகள் ஒரே சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டில் திரிந்தாள். படகின் கயிறு இழுக்கும் உருளை அவளுடைய இடக்கை மோதிர விரலைத் தின்றுவிட்ட நாளில்கூட, ரத்தம் ஊறிய கட்டோடு அதே கோட்டில்தான் வாத்துகளைப் பார்க்கப் போனாள். சாகும்போது கோட்டை எல்ட்ரிட்டுக்குக் கொடுத்தாள். டோர்குனுக்குக் காபிக் கெண்டி. மூடி இல்லாதது.

"உன் பக்கம் எத்தன உக்காந்திருக்குக்கா?" என்று எல்ட்ரிட் சுவரருகே கேட்டாள்.

"எண்ணல."

"எனக்கு நாப்பத்தொண்ணு. எடமே பத்தல, ஒண்ணு வந்து என் கட்டிலுக்கு அடியில படுத்துக்கிச்சு."

"கட்டிலுக்கு மேல படுக்க ஆள் இல்லாத கொறைக்கு அதாவது வந்துச்சேடி."

எல்ட்ரிட் சிரித்தாள். டோர்குனுக்குச் சிரிப்பு வரவில்லை. நாப்பத்தொண்ணு, நாப்பத்தொண்ணு என்று முணுமுணுத்தபடி தன் காலி வீடுகளைத் தாண்டி நடந்தாள்.

மறுநாள் தங்கை மாவு வாங்கப் படகில் பெரிய தீவுக்குக் கிளம்பினாள். நீல மழைச்சட்டை போட்டிருந்தாள். படகு புள்ளியானதும் டோர்குன் சுவரைத் தாண்டினாள். முன்னறை ஆணியில் கோட்டு தொங்கியது. வெளிப்புறம் ஈரம், உப்பு நாற்றம். கையை நுழைத்தாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ கழற்றி மாட்டிவிட்டுப் போனதுபோல.

அதை அவள் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. அவள் சுவர் ஏறித் திரும்பியபோது பழுப்புப் பெண் வாத்துகள் முட்டைகளை அப்படியே விட்டுவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லேறி அவள் பின்னால் அசைந்து அசைந்து வந்தன. மாலைக்குள் பதினாறு வீடுகள் நிறைந்தன. கடைசி வீடு மட்டும் காலி.

அந்த வீடும் நிறைய வேண்டும் அவளுக்கு. கோட்டோடே படுத்தாள்.

காலையில் கடல்மூடுபனி இறங்கியிருந்தது. இரவே ஊர் திரும்பியிருந்த எல்ட்ரிட் அவள் வாசலில் நின்றாள், செருப்புகூட இல்லாமல்.

"கோட்டக் குடுத்துடுக்கா."

"எந்தக் கோட்டு?" என்றாள் டோர்குன், அதைப் போட்டுக்கொண்டே.

"வெளையாடாத. ஒம்போது வருஷத்துல நான் அத ஒரு நாள்கூடப் போட்டதில்ல."

"பொய் சொல்லாதடி. விடியக்காலம் நீ அதப் போட்டுக்கிட்டு வீடு வீடாக் குனிஞ்சு பாத்துட்டுப் போறத நான் தெனமும்தான் பாக்குறேன்."

"நான் ஏழு மணி வரைக்கும் தூங்குறவக்கா."

பனிக்குள் ஒரு வாத்து "ஆ... ஊ" என்றது.

"காலைல அது ஈரமா ஆணியில தொங்கும். நான் ஒண்ணும் கேட்டுக்கிட்டதில்ல. இன்னிக்கு விடியக்காலம் முன்னறையில யாரோ சுவரத் தடவுற சத்தம். ஆணி இருக்குற எடத்துல, திரும்பத் திரும்ப. அப்புறம் கதவு தொறந்துச்சு. கழட்டிடுக்கா. இப்பவே."

டோர்குன் ஒரு பொத்தானைக் கழற்றினாள். வாசலில் படுத்திருந்த வாத்து உடனே பாதி எழுந்து, சுவர்ப்பக்கம் கழுத்தைத் திருப்பியது. பொத்தானைத் திரும்பப் போட்டாள்.

"மாட்டேன். அம்மா உனக்குக் குடுத்ததெல்லாம் போதும்."

எல்ட்ரிட் போய்விட்டாள். கரையில் படகு கிளம்பும் சத்தம் கேட்டது. பனி அதையும் விழுங்கியது. டோர்குன் வெளியே வந்தாள். வாத்துகள் வழிவிட்டன. எல்லாம் அவளைத்தான் பார்த்தன. இல்லை. அவளுக்குச் சற்றுப் பின்னால், தோளுக்கு மேலே.

காற்று நின்றது.

கோட்டின் இடது கைக்குள் குளிர். தோளிலிருந்து இறங்கியது. ஈரமாக. முழங்கை. மணிக்கட்டு. அவள் கையோடு ஒட்டி, அதே கைக்குள், இன்னொரு கை.

வெளியே வந்தது. வெளுத்திருந்தது.

நான்கு விரல்.

கோட்டு நடந்தது. அவளும் நடந்தாள். முதல் வீட்டில் குனிந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. கடைசி வீட்டின் முன் மண்டியிட்டது. அவள் தலை நுழையாத வாசல். நுழைந்தது.

உள்ளே பாசி. இருட்டு. கத்தத் தோன்றியது, அடைகாக்கும் காலத்தில் கத்தக் கூடாது என்று காதருகே யாரோ "உஷ்" என்றார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பறவைகூட இல்லை. அந்த நிலையிலும் அது அவளுக்கு இதமாகத்தான் இருந்தது.

நான்கு விரல்கள் அவள் உச்சந்தலையிலிருந்து கொத்தாக முடியைப் பிடுங்கி, பாசியின் மேல் வட்டமாக வைத்து, பதமாக அழுத்தி, மெத்தென்று இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, மறுபடி தலைக்கு வந்தன.