சுனிலுக்கு ரிலீவர் வரவில்லை

ப்ளக்கில் இன்னும் மாட்டவே இல்லை. ஆனாலும் அந்தப் பழைய சர்வரின் தகர மூடியில் கை வைத்தபோது வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இவ்வளவு நேரம் அதன்மேல் சாய்ந்திருந்துவிட்டு இப்போதுதான் விலகிப் போன மாதிரி. ஆட்டோவில் வரும்போது வெயில் பட்டிருக்கும் என்று தமயந்தி உதட்டைச் சுழித்தாள். அவள் குடியிருந்த சந்தாபுராவில் விடிந்ததிலிருந்து மழை.

இதை அவள் வாங்கியதே அம்மாவின் பயத்துக்காகத்தான். தங்கை ஸ்னேஹாவுக்கு இங்கே காலேஜ் சீட் கிடைத்திருந்தது. சாயங்காலம் ஆரணியிலிருந்து வந்து இறங்குகிறாள். வாசலில் கேமரா வைக்கிறேன், அவள் உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் உன் போனுக்கே வரும் என்று சத்தியம் செய்த பிறகுதான் அம்மா சம்மதித்தாள். பதினேழு வயதுப் பெண்ணுக்கு ஆபீஸ் அட்டெண்டன்ஸ். பயந்தாங்கொள்ளிக் குடும்பம் என்று நினைத்துக்கொண்டாள்.

சர்வரை விற்ற பச்சைமுத்துவும் அப்படித்தான். ஒக்கலிபுரத்துக்காரர், மூடிப்போன ஆபீஸ்களின் கம்ப்யூட்டர்களை வாங்கி விற்பவர். இது ஒரு கம்பெனியின் செக்யூரிட்டி ரூமில் இருந்ததாம். வாட்ச்மேன்கள் கார்டு தேய்த்து இன், அவுட் போட்டது இதில்தானாம். மாற்ற வரும் ரிலீவர் இன் போடாதவரை, டூட்டியில் இருக்கும் ஆளுக்கு அவுட் விழாதாம். கடைசி நாள் டூட்டி, சுனில் என்று ஒருவர். அவர் உள்ளே இருப்பது தெரியாமலே கம்பெனியை இழுத்துப் பூட்டிவிட்டார்கள், ரிலீவர் வரவில்லை. பத்து நாள் கழித்துப் பூட்டைத் திறந்தபோது அதே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாராம், உயிரில்லாமல்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி டம்மியா ஒரு பேரைப் போட்டு இன் குடுத்து, அவரை அவுட் பண்ணிடுங்க மேடம். நம்ம கடையில எப்பவும் அப்படித்தான். இதுக்கு மட்டும் பாஸ்வேர்டு கிடைக்கல."

"செத்தவருக்கு லீவ் லெட்டரும் நானே எழுதிடட்டுமா அண்ணா?"

"சிரிங்க, பர்வாகில்ல. ரெண்டு நிமிஷ வேலைதான்."

பாஸ்வேர்டை உடைக்க அந்த இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. திரையில் ஒரே ஒரு வரி. சுனில், இன் 8.02. அவுட்டுக்கு எதிரே வெற்றிடம், ஒன்பது மாதமாக. ஜன்னலை உடைத்து வெளியே வரத் தெரியாத ஆள்மேல் என்ன இரக்கம் வேண்டிக்கிடக்கிறது? டிஸ்க் முழுவதையும் அழிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டு டீ போடப் போனாள்.

அழிந்து முடிய மூன்று மணி நேரம் ஆனது. அதுவரை சர்வரின் விசிறி, மூக்கடைத்த மனிதன் தூங்குவதுபோல இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. மழையின் ஈரத்தோடு கலந்து, ஈரக் காக்கித் துணியின் நாற்றமும் ஷூ பாலிஷ் வாசமும் ஹாலில் மெல்லப் பரவின. கீழ்வீட்டுக்காரர்களுக்குத் துணி காயப்போடத் தெரியாது என்று முணுமுணுத்தபடி புதிதாக எல்லாவற்றையும் ஏற்றினாள். வாசலுக்கு உள்பக்கம், உள்ளே வருகிறவர் கதவைச் சாத்தத் திரும்பும்போது முகம் விழும்படி, கதவின் மேல் சட்டத்தில் கேமராவை மாட்டினாள். முகத்தைப் பார்த்துத் தானே இன் போடும் சாஃப்ட்வேர். முதல் பெயராக ஸ்னேஹாவைப் பதிந்து, போட்டோவையும் ஏற்றி, அந்தத் திரையைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள்.

பிறகுதான் கவனித்தாள். கீழே சின்ன எழுத்தில்: உள்ளே இருப்பவர்கள், 1.

தன் பெயரை அவள் இன்னும் பதியவே இல்லை.

ஓசி சாஃப்ட்வேர் அப்படித்தான் இருக்கும். அழித்துப் பார்த்தாள். மறுபடியும் 1.

பீப்.

கார்டு தேய்க்கும் சத்தம். இந்த வீட்டில் கார்டும் இல்லை, கார்டு தேய்க்கும் கருவியும் இல்லை. சர்வரின் முகப்பில் சிவப்பு விளக்கு மின்னி அணைந்தது. அவளுக்குப் பின்னால், கதவுக்கும் மேசைக்கும் நடுவில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி கனம் தாங்காமல் கிறீச்சிட்டது.

பீப். சிவப்பு.

திரையின் கறுப்பு ஓரத்தில் ஒரு காக்கிக் கை தெரிந்தது. அவள் தோளைத் தாண்டி நீண்டிருந்தது. விரல்களில் ஒரு கார்டு. சர்வரைத் தொட்டது. காத்திருந்தது. மறுபடியும் தொட்டது. அவசரமே இல்லை.

போன் அடித்தது. ஸ்னேஹா.

"அக்கா, கேட் கிட்ட வந்துட்டேன். முழுசா நனைஞ்சுட்டேன். கதவு திறந்துதானே இருக்கு?"

"மேல வராத. ஸ்னேகு, அங்கயே நில்லு."

மழை இரைச்சல். லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டாள். மணி மாடிப்படியில் ஒலித்தது. எடுக்கவில்லை. ஏறிக்கொண்டிருக்கிறாள்.

அப்போதுதான் உறைத்தது. ரிலீவராக அவள் பதிந்துவைத்திருப்பது தங்கையை.

டம்மியாக ஒரு பெயரைத் தட்டினாள். முகத்தைக் காட்டவும் என்றது திரை. வீட்டில் இருந்தது ஒரே முகம். கேமரா அவள் முதுகுக்குப் பின்னால். திரும்பினால் போதும். ஒரே ஒரு தடவை, அந்த நாற்காலியைப் பார்த்துத் திரும்பினால் போதும், முகம் விழுந்துவிடும்.

இரண்டாவது மாடியில் காலடி.

திரும்பு.

கழுத்தில் ஈரமான மூச்சு.

மூன்றாவது மாடி.

அவள் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

கதவு திறந்து, சாத்தும் சத்தம் கேட்டது. "அக்கா" என்ற குரல் பாதியில் நின்றது.

பீப். இந்தத் தடவை சத்தம் வேறு. கண் திறந்தாள். பச்சை விளக்கு. திரையில் இரண்டு வரி.

ஸ்னேஹா, இன் 5.42.

சுனில், அவுட் 5.42.

கனத்த பூட்ஸ் காலடி மாடிப்படியில் இறங்கிப் போனது, நிதானமாக.

போனில் அம்மாவின் மெசேஜ் வந்து விழுந்தது. "இன் காட்டுது. நல்லபடியா வந்து சேர்ந்துட்டா. இனிமே எனக்குக் கவலை இல்ல."

தமயந்தி திரும்பினாள். வாசலில் பை சொட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியில் ஸ்னேஹா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் இமைக்கவில்லை. அக்காவைப் பார்க்கவும் இல்லை. வெறும் கையைத் தமயந்தியின் தோளைத் தாண்டி நீட்டி, சர்வரைத் தொட்டாள்.

பீப். சிவப்பு.

காத்திருந்தாள். மறுபடியும் தொட்டாள்.