மீட்கப்பட்ட பிரதி

யூபிஎஸ் கத்த ஆரம்பித்ததும் நஸ்மியாவின் விரல்கள் பறந்தன. கரண்ட் போய்விட்டது. பெட்டியில் மிச்சமிருக்கும் உயிர் தீர்வதற்குள் கடிதத்தின் கடைசிப் பந்தியை அடித்தாக வேண்டும்.

“சொல்லுங்க அக்கா, சீக்கிரம்.”

எதிரே நின்ற நிஷாந்தி பாடம் ஒப்பிப்பவள் போலச் சொன்னாள். “எங்க தோட்டத்து லயத்து வீட்டு மேல மண்ணு சரிஞ்சதுல என் வீட்டுக்காரர் பழனிமுத்து காணாம போயிட்டாரு. ஒடம்பு கெடைக்கல.”

குரலில் ஈரமே இல்லை. இந்தச் சத்தியக் கடதாசியை இன்றைக்கே யட்டவத்த பிரதேச செயலகத்தில் கொடுக்காவிட்டால், புது வீடு கிடைப்பவர்களில் அவள் இல்லை. அவளுக்குப் பக்கத்து ஸ்டூலில் ஒரு சின்னப் பெண், தொங்கும் கால்களை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாள். நஸ்மியா பெயர் கேட்டபோது, “தர்ஷிகா” என்று காற்றாகச் சொன்னதோடு சரி.

திரை அணைந்தது.

“போச்சா?” போட்டோ கொப்பி மெஷினுக்குப் பின்னாலிருந்து கடைக்காரர் றிஷாத் கேட்டார்.

“போனா என்ன நாநா, அதுவா சேவ் ஆகும். ஒங்கட யூபிஎஸ்ஸ நம்பியா நான் தொழில் பாக்குறேன்?”

“அது என்ட கல்யாணத்துக்கு முந்தி வாங்கினது. மரியாதையா பேசு.”

கரண்ட் வந்தது. திரையின் இடது ஓரத்தில் இரண்டு பிரதிகள் காத்திருந்தன. ஒன்று தானாகச் சேமித்தது. அடிக்க அடிக்கக் கோப்பிலேயே பதிந்துகொண்டு வந்தது. மற்றது மீட்கப்பட்டது. கம்பியூட்டர் சாகப்போகிற நேரத்தில் கைக்கு அகப்பட்டதை அள்ளி ஒளித்து வைத்த நகல். கடைசி வரி இதில்தான் இருக்கும் என்று நஸ்மியா அதைத் திறந்தாள்.

‘என் கணவர் பழனிமுத்துவும் மகள் தர்ஷிகாவும் காணாமற் போயினர்.’

அவள் அடிக்காத வார்த்தைகள்.

“அக்கா, மகள்ட பேரையும் சொன்னீங்களா?”

“இல்ல. அத அழிச்சிருங்க தங்கச்சி.”

பெயரைக் கேட்ட ஞாபகத்தில் விரல் தானாக ஓடியிருக்கும். அப்படித்தான் நஸ்மியா தனக்குச் சொல்லிக்கொண்டாள். அழித்தாள். இந்த முறை தன் கையாலும் ஒரு தடவை சேமித்தாள்.

உடனே மறுபடி இருண்டது.

மின்விசிறி நின்றும் கடைக்குள் குளிர்ந்தது. பச்சை மண்ணின் வாடை மெல்ல ஏறியது. வெளியே மழை, அதனால்தான்.

வெளிச்சம் திரும்பியபோது மீட்கப்பட்ட பிரதி மேலே ஏறியிருந்தது. அதில் பழனிமுத்து இல்லை. சத்தியம் இல்லை. பக்கத்தின் அடிவரைக்கும் வரிவரியாகத் தர்ஷிகா, தர்ஷிகா.

நஸ்மியா ஸ்டூலின் பக்கம் திரும்பினாள்.

சிறுமி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா.” உதடு அசையவில்லை. “அழிக்காதீங்க.”

நிஷாந்திக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவள் திரும்பவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தாள். “நீங்க சேவ் பண்ணினதையே எடுங்க தங்கச்சி. ஒபிஸ் மூடிருவாங்க.”

றிஷாத் பேப்பர் கட்டோடு வந்தார். “இந்தா. கையெழுத்து வைக்கிற ஜே.பி. எழும்பிப் போறதுக்குள்ள அடிச்சுக் குடு. அந்த மனிசன் மழையைக் கண்டா வீட்டுக்கு ஓடுற ஆள்.”

சொல்லிக்கொண்டே பேப்பர் கட்டைச் சிறுமி உட்கார்ந்திருந்த ஸ்டூலின் மேல் வைத்தார்.

அது பலகையில் தட்டையாக உட்கார்ந்தது.

சிறுமி அங்கேயே இருந்தாள்.

றிஷாத் விசிலடித்தபடி மெஷினுக்குத் திரும்பினார். பேப்பரின் ஓரங்கள் ஊறிச் செம்மண் நிறத்துக்கு மாறத் தொடங்கின.

மவுஸைப் பிடித்திருந்த நஸ்மியாவின் கைமேல் சில்லென்று ஐந்து சின்ன விரல்கள் படிந்தன. அம்புக்குறி நகர்ந்தது. மீட்கப்பட்ட பிரதியின் மேல் போய் நின்றது. இதையே வைத்துக்கொள்ளவா என்று கம்பியூட்டர் கேட்டது.

நிஷாந்தி குனிந்தாள். கண்களில் பயமுமில்லை, கண்ணீருமில்லை.

“ரெண்டு பேரையுந்தான் மண்ணு மூடிச்சு தங்கச்சி,” என்றாள் தாழ்ந்த குரலில். “அவரு பேர மட்டும் எழுதுங்க. இவ பேர எழுதிட்டா, எங்கூட வர்றத நிறுத்திருவா.”