வெற்றிலைக்கு அடியில்

அந்த மாதம் பூவராகன் வீட்டுக்கு வந்த பதினேழாவது பத்திரிகை ஒரு நாய்க்குப் பெயர் சூட்டும் விழாவுக்கானது. நாய்க்கு நான்கு வயது. பெயரும் ஏற்கெனவே இருந்தது. இருந்தாலும் மண்டபம் பிடித்து, நாதஸ்வரம் வைத்து, முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டு, கிளம்பும்போது ஆளுக்கொரு தாம்பூலப் பை கொடுத்தார்கள். பூவராகனின் மனைவி கோமளா அதை இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தாள். மேலே வெற்றிலை, பாக்கு, ஒரு தேங்காய். அடியில் உடைந்த மிக்ஸி ஜார், ஒற்றைச் செருப்பு, நாற்றமெடுத்த பதினொரு பால் கவர்.

பூவராகன் மணிக்கட்டில் இருந்த எடைக்காப்பைப் பார்த்தார். "தொண்ணூத்தாறு. இன்னும் நாலே கிலோ. உனக்குப் புரியுதா இல்லையா?"

"என்னை என்னங்க செய்யச் சொல்றீங்க? வெத்தலை பாக்கை வேணாம்னுட்டு வரச் சொல்றீங்களா? நல்ல காரியத்துக்குப் போயிட்டு?"

பூவராகனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? அவர் மாநகரக் கழிவு ஒழிப்புத் துறையின் இயக்குநர். இந்தச் சட்டத்தை எழுதிய மகானுபாவரே அவர்தான்.

பெயர்த்தூள் நடைமுறைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூளைத் தொழிற்சாலையிலேயே எல்லாப் பொருளிலும் கலந்துவிடுவார்கள். கடையில் வாங்குகிறவர் பெயர் அதில் பதியும். பொருள் உடைந்தாலோ தீர்ந்தாலோ அதன் எடை அவருடைய காப்பில் ஏறும். ஆற்றில் போட்டாலும் சரி, அடுத்த தெருவில் வீசினாலும் சரி, 'திரும்பி' என்கிற குட்டி வண்டி மோப்பம் பிடித்து எடுத்துவந்து அவர் வாசலிலேயே வைத்துவிட்டுப் போகும். குப்பையைத் தலைமுழுக ஒரே வழிதான். கழுவி, காயவைத்து, வகை பிரித்து, குடும்பத் தலைவர் தன் கையாலேயே மீட்பு நிலையத்தில் கொடுக்க வேண்டும். ஆள் அனுப்பினால் கைரேகை காட்டிக்கொடுத்துவிடும். ஒரு குடும்பத்தின் பெயரில் நூறு கிலோ சேர்ந்துவிட்டால், ஊருக்கு வெளியே இருக்கும் எல்லைக் குடியிருப்புக்குக் குப்பையும் கையுமாக அனுப்பிவிடுவார்கள்.

வாரத்துக்குப் பத்து நிமிட வேலை. ஒரு வாரத்தில் பல் தேய்க்கவே அதைவிட நேரமாகும். ஆனால் நம் மகாஜனங்களுக்கு ஒரு பால் கவரைத் தண்ணீரில் அலசுவது என்றால் உயிர் போகிறது. அதைத் தவிர வேறு எது வேண்டுமானாலும் செய்வார்கள்.

செய்தார்கள். சட்டத்தில் பெயர் மாற ஒரு வழி வைத்தாக வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் கல்யாணத்தில் கொடுத்த குத்துவிளக்குகூடக் கொடுத்தவர் பெயரிலேயே நிற்கும். பூவராகன் மூன்று நாள் யோசித்து ஒரு விதி எழுதினார்: ஒருவர் நீட்ட, மற்றவர் இரு கையாலும் வாங்கினால் பொருள் கைமாறியது என்று தூள் கொள்ளும். நம் பண்பாட்டை மதிக்கும் விதி என்று சட்டசபையில் மேசையைத் தட்டினார்கள். அடுத்த முகூர்த்தத்திலேயே ஊர் அதைப் பிடித்துக்கொண்டது.

பிறகு விசேஷங்களுக்குக் குறைவே இல்லை. காது குத்திய காதிலேயே மறுபடி குத்தினார்கள். மாடிப்படிக்குத் தனியாகப் புதுமனை புகுவிழா நடந்தது. ஐந்து வருடம் முன்னால் விவாகரத்து ஆன ஒரு ஜோடி, கல்யாண நாள் கொண்டாட ஒன்றாக வந்து நின்றது. பைக்குள் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். திறந்து பார்ப்பது மட்டும் மரியாதை இல்லை. ஒரு கிலோ குப்பையைத் தள்ளிவிட ஒரு புதுப் பை, ஜிகினாத் தாள், இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் என்று வாங்கிக் குவித்ததில் ஊரின் மொத்தக் குப்பை மூன்று மடங்கு ஆகியிருந்தது. ஆனால் தெருவில் ஒரு காகிதம் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பூவராகனின் கையைக் குலுக்கினார்கள்.

ஊரில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் இயக்குநருக்கு முதல் பத்திரிகை. அதைத் தன் பதவிக்குக் கிடைக்கும் மரியாதை என்றே அவர் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார். அவ்வளவு கெட்டிக்காரர்.

"உக்காந்து கழுவினா ரெண்டு நாள்ல முடிஞ்சிடுங்க" என்றாள் கோமளா. "நான் கழுவித் தர்றேன். நீங்க கொண்டுபோய்க் குடுங்க, போதும்."

"நானா? சாக்கு மூட்டையைத் தூக்கிக்கிட்டு அந்தக் கூட்டத்துல வரிசையில நிக்கணுமா? எவனாவது படம் எடுத்துப் போட்டான்னா?"

"வேற வழி?"

"இருக்கு. மணிவிழா."

"உங்களுக்கு ஐம்பத்தெட்டுதானே ஆகுது?"

"ஜோசியர்கிட்ட நான் பேசிக்கறேன்."

ஜோசியரும் தோதாக ஏதோ ஒரு தோஷத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். எண்ணூறு பேர், எண்ணூறு பை. ஒரு பைக்கு நூற்றிருபது கிராம் போட்டால் மொத்தமும் தீர்ந்துவிடும். இரண்டு நாள் கழுவப் பிடிக்காதவர் நான்கு நாள் தரையில் உட்கார்ந்து தராசு வைத்து நிறுத்து நிறுத்துப் பையில் போட்டார். வெளியேற்றப்பட்டவர்கள் தங்கள் குப்பையை ஊருக்குள் தள்ளிவிடக் கூடாது என்று, நூறைத் தாண்டியவர் எதைக் கொடுத்தாலும் பெயர் மாறாது என்றொரு விதியையும் அவரே எழுதியிருந்தார். அதனால் நூறுக்குள் இருக்கும்போதே விழாவை முடித்தாக வேண்டும். வரும் வெள்ளிக்கிழமைக்கே மண்டபம் பிடித்தார். பத்திரிகையில் கொட்டை எழுத்தில், 'அன்பளிப்புகளைக் கண்டிப்பாகத் தவிர்க்கவும்' என்று அச்சடித்தார்.

தமிழ்நாட்டில் அந்த வரியை இதுவரை யாராவது மதித்திருக்கிறார்களா? அரசாங்கத்துக்குச் சட்டம் எழுதுகிற மனிதர், இதை யோசிக்கவில்லை.

மாலையும் கழுத்துமாக மேடையில் நின்றபோது முதலில் ஏறி வந்தவர் அவருடைய துணை இயக்குநர் ஆரோக்கியசாமி. கையில் ஜிகினாத் தாள் சுற்றிய பெரிய பெட்டி.

"சார், ஏதோ என்னால முடிஞ்சது."

"வேண்டாமே, பத்திரிகையில போட்டிருந்தேனே..."

"அதெல்லாம் மத்தவங்களுக்கு சார்."

"சார், கையில வாங்கிக்கிட்டு இப்படிப் பாருங்க" என்றார் படம் எடுப்பவர்.

ஒற்றைக் கையால் வாங்க வேண்டும் என்று பூவராகன் மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் நின்றார். ஆனால் பரிசை நீட்டினால் இரண்டு கையும் தானாகவே நீண்டுவிடுகிறது. ஐம்பத்தெட்டு வருடப் பழக்கம். காப்பு தொண்ணூற்றெட்டைக் காட்டியது. ஆரோக்கியசாமிக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது, எல்லார் கையிலும் பளபளவென்று ஒரு பெட்டி. பூவராகன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அடுத்து வந்த அம்மாள் சிரித்துக்கொண்டே பெட்டியைக் கோமளாவிடம் நீட்டினாள். கோமளா இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

முதல் பந்தி எழுவதற்குள் நூறு தாண்டிவிட்டது.

வந்தவர்கள் குறையில்லாமல் சாப்பிட்டார்கள். தாம்பூலப் பையை வாங்கித் தங்கள் காப்பைப் பார்த்தார்கள். எடை ஏறவில்லை. விஷயம் புரிந்ததும் முகமெல்லாம் மலர்ந்து, "ரொம்பச் சிறப்பா செஞ்சுட்டீங்க" என்று வாழ்த்திவிட்டு, தேங்காயை மட்டும் எடுத்துக்கொண்டு பையை வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலத்துக்குள் திரும்பிகள் எண்ணூறு பையையும் கொண்டுவந்து பூவராகன் வீட்டு வாசலில் வரிசையாக வைத்துவிட்டன. வெற்றிலைகூட இன்னும் வாடவில்லை.

மறுநாள் காலை எல்லைக் குடியிருப்பில் அவரை வரவேற்றது லூர்துமேரி என்ற பெண் அதிகாரி. ஆயிரம் வீடுகள். வீட்டுக்கு வீடு குழாய், தொட்டி, பிரஷ், காயப்போடக் கம்பி. நடுவிலேயே ஒரு மீட்பு நிலையம். அங்கே ஒரு ஈ காக்காய் இல்லை.

"நீங்க போட்ட திட்டம்தானே சார், உங்களுக்குத் தெரியாததா?" என்றாள் லூர்துமேரி. "கழுவிக் குடுத்துட்டா அன்னிக்கே ஊருக்குத் திரும்பிடலாம். ரெண்டு மூணு நாள் வேலை."

"இதுவரைக்கும் எத்தனை பேர் திரும்பியிருக்காங்க?"

"ஒருத்தரும் இல்லை சார்."

"இதைத் திறந்து நாலு வருஷம் ஆச்சே, ஒருத்தருமா இல்லை?"

"ஆமா சார். எல்லாரும் மனு எழுதறதுல மும்முரமா இருக்காங்க." அவள் ஒரு தடித்த காகிதக் கட்டை எடுத்து அவர்முன் வைத்தாள். "நூறைத் தாண்டினவங்க குடுத்தாலும் பெயர் மாறணும்னு விதியைத் திருத்தணுமாம். இங்கேயே ஒரு கல்யாண மண்டபமும் கட்டித் தரணுமாம். மூவாயிரத்துச் சொச்சம் கையெழுத்து."

கோமளா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குழாயைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் நன்றாகவே வந்தது.

பூவராகன் மனுவை நின்றபடியே முழுசாகப் படித்தார். முகம் சுளித்தார். பேனா கேட்டு வாங்கி இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தினார். மூன்றாம் பத்தியில் 'பண்பாட்டு உரிமை' என்று இரண்டு சொல் சேர்த்தார். அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மண்டபம் கட்டினால் எத்தனை பேர் உட்காரலாம் என்று லூர்துமேரியைக் கேட்டார்.