ஜீவாவின் பெயரில் பேசிய குரல்

மழை விடாத ஓர் ஆடி மாதக் காலையில் ஜீவா குன்னூரில் இருந்த மனோகரனின் அலுவலகத்துக்கு வந்தான். குவைத்தில் வெல்டர் வேலை. அவசர லீவில் வந்திருந்தான். வரித்துறையில் ஓய்வு பெற்று, இப்போது வரிச் சிக்கல்களைத் துப்புத் துலக்கித் தரும் மனோகரன் அவனை உட்காரச் சொன்னார். உதவியாளர் வனிதா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தாள்.

ஊரில் மியூச்சுவல் ஃபண்டில் அவன் போட்டுவைத்த சேமிப்பு அப்படியே இருந்தது. ஆனால் அதில் வெளிநாட்டில் வசிப்பவன் என்றிருந்ததைச் சில மாதங்களுக்கு முன்பு யாரோ இந்தியாவில் குடியிருப்பவன் என்று மாற்றிவிட்டார்கள். அதை வைத்து, குவைத் சம்பளத்தை ஏன் காட்டவில்லை என்று வரித்துறை கேட்டிருந்தது.

ஃபண்டு அலுவலகம் அவனுடைய இந்திய எண்ணுக்குப் பேசித்தான் விவரம் சரிபார்த்திருக்கிறது. அந்தச் செல்போன் நடுவட்டத்தில் இருக்கும் அவன் வீட்டில் கிடந்தது. வீட்டில் இருப்பவர்கள் இரண்டே பேர்: சிறுவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட அப்பா செல்லையா, தம்பி அஜய்.

"அஜய்தானுங்க சார். ஜீப் வாங்கப் பணம் கேட்டான், நான் தரல. நேத்து கை நீட்டிட்டேன். ஊட்ட விட்டுப் போயிட்டான்."

வனிதாவுக்கும் அப்படித்தான் பட்டது. உள்நாட்டுக்காரன் என்று ஆக்கிவிட்டால் ஃபண்டை விற்ற பணத்தை அண்ணன் தம்பி சேர்ந்து வைத்திருந்த பழைய வங்கிக் கணக்குக்குத் திருப்பிவிடலாம் என்று படபடவென்று சொன்னாள். ஜீவா தலையாட்டினான்.

"அப்புறம் ஏன் இத்தனை மாசமா ஒரு ரூபாயும் எடுக்கல?" என்று மட்டும் கேட்டார் மனோகரன்.

ஃபண்டு அலுவலகத்திலிருந்து ஜீவா வாங்கி வந்திருந்த, அந்தப் போன் பேச்சின் ஒலிப்பதிவைக் கேட்டார்கள். தகரக் கூரையில் மழைச் சத்தம். அதற்கடியில், யாருடையதென்று ஜீவாவுக்கே பிடிபடாத கரகரத்த குரல். "ஜீவாதான் பேசறேன். வெளிநாடெல்லாம் இல்ல. இங்க, எங்க காம்பராவுலதான் இருக்கேன்."

மனோகரன் இன்னொரு முறை ஓடவிட்டார். வீட்டில் படுக்கும் இடத்தை நீ என்னவென்று சொல்வாய் என்று கேட்டார். ரூம் என்றான் ஜீவா. அஜய்யும் அப்படித்தானாம்.

அஜய்யை அவரே போனில் வரவழைத்தார். மதியம் நடுவட்டம் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். அஜய் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"பணத்துக்காகச் செய்தவன் பணத்தை எடுத்திருப்பான்," என்றார் மனோகரன். "இதில் யாருக்கும் லாபமில்லை. ரூமைக் காம்பரா என்பது இலங்கைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களின் பேச்சு. ஐயா, பேசியது நீங்கள்தானே?"

"நான்தான்," என்றார் செல்லையா.

"எங்கப்பா கையில ஒரு கடதாசி குடுத்தாங்க. நீ இந்த நாட்டு ஆள் இல்லேன்னு. அதோட கப்பல் ஏத்திட்டாங்க. இப்ப போன்ல ஒரு பொண்ணு, நீங்க இந்தியாவுல குடியிருக்கிறவர் இல்லேன்னு இருக்கு, சரியான்னு கேட்டுச்சு. என் மகனுக்கு, சரின்னு எப்புடிச் சொல்லுவேன்?"

வனிதாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மனோகரன் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக விளக்கினார். அது வரிக்கான பேச்சு மட்டும். வருஷத்தில் எத்தனை நாள் இங்கே தங்கினான் என்பதைத்தான் பார்ப்பார்கள். போனில் சொன்னதால் அது மாறாது. பாஸ்போர்ட் முத்திரைகளைக் காட்டிச் சரிசெய்துவிடலாம். குடியுரிமையை யாரும் பறிக்க மாட்டார்கள். செல்லையா தலையசைத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.

ஜீவா வாசலுக்குப் போய், தம்பியின் கன்னத்தில் இன்னும் கன்றியிருந்த இடத்தைப் பார்த்தான். தப்புப் பண்ணிட்டேண்டா என்றான்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுண்ணா," என்றான் அஜய். வாசலுக்கு வந்த அப்பாவின் காலடியில் குனிந்து ஏதோ சொன்னான். தோளில் இருந்த பையை இறக்காமலே மழையில் நடந்தான்.