குவாரிப் பாதையின் ஒரே தடி

காலை ஒன்பதேகால். சுண்ணாம்புக் குவாரியின் குட்டி ரயில் எஞ்சின்கள் இரண்டும் வளைவில் முட்டிக்கொண்டு நின்றன. குவாரியிலிருந்து கல் ஏற்றிக்கொண்டு இறங்கி வந்த எஞ்சினின் டிரைவர் செத்துக் கிடந்தார். காலி வண்டிகளோடு மேலே போன டிரைவர் கடைசி நொடியில் குதித்து, கை முறிந்து பிழைத்துக்கொண்டார். செத்தவர் அவருடைய மச்சான்.

பிழைத்தவரை விலங்கு மாட்டிச் சூளை ஆபீசில் உட்கார வைத்திருந்தார்கள். எதிரே அவர் மனைவி, அண்ணனைப் பறிகொடுத்தவள்.

"தடி இல்லாம வண்டியை எடுத்து எங்க அண்ணனை முழுங்கிட்டியே!"

"மேஸ்திரிதான் தடியைக் கையில குடுத்தாரு" என்றார் அவர்.

குவாரிக்கும் சூளைக்கும் நடுவே ஒற்றைத் தண்டவாளம். அதற்கு இரும்புப் பூண் போட்ட ஒரே ஒரு மரத்தடி. அது எவர் கையில் இருக்கிறதோ அவர்தான் வண்டி எடுக்கலாம். பாதை போட்ட காலத்திலிருந்து சிக்னல், மணி எல்லாமே அந்தத் தடிதான். அது செத்தவரின் எஞ்சினில் கிடைத்துவிட்டது. மற்றவர் ஜெயிலுக்குப் போவார், வேறென்ன!

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. எதையும் நோண்டாமல் விடமாட்டார் என்று ஸ்டேஷனில் அவருக்குப் பெயரே 'நோண்டியம்மா'. பிழைத்தவரின் எஞ்சினில் ஏறினார். மோதலில் பறந்த சுண்ணாம்புத் தூள் எண்ணெய்ப் பிசுக்கில் அப்பி, உள்ளே எல்லாமே வெள்ளை. பின்சுவரில் தடி செருகும் கொக்கிகள் இரண்டு. அவற்றுக்கு நடுவே, முழ நீளத்துக்கு, கறுப்பாக ஒரு பட்டை. எஞ்சினின் கரி அடுப்பு இன்னும் கனன்றுகொண்டிருந்தது.

கீழே, சூளை முனையில் தடி கொடுத்து வண்டி அனுப்பும் மேஸ்திரி நின்றார்.

"முதல்ல வந்தது யாரு?"

"நான்தான் மேடம்."

"அப்புறம்?"

"ஆளுங்க ஓடி வந்தாங்க. நான் கிட்டயே விடலை. நீங்க வர்ற வரைக்கும் ஒரு ஈ காக்கா இதுல ஏறலை. நானே காவல் நின்னேன்."

"நீங்க ஏறினீங்களா?"

"நான் எதுக்கு மேடம் ஏறணும்?"

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைப் பார்த்தார். "அடுப்பை வாருய்யா."

சாம்பலோடு ஓர் இரும்புப் பூண் வந்து விழுந்தது. மேஸ்திரிக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"தூள் பறந்தப்போ அந்தக் கொக்கியில தடி இருந்திருக்கு. அதான் அதுக்குப் பின்னால மட்டும் சுவர் வெள்ளையாகலை. வெறும் கொக்கியா இருந்தா அங்கேயும் அப்பியிருக்கும். ஆக, தடியை எடுத்தது மோதினதுக்கு அப்புறம். ஈ காக்கா ஏறலைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. மிச்சம் இருக்கறது நீங்கதானே மேஸ்திரி?"

"கல்லு கல்லுன்னு சூளையில உயிரை எடுத்தாங்க மேடம். ஒத்தைத் தடியை வெச்சுக்கிட்டு எத்தனை நடை ஓட்டறது? யாருக்கும் தெரியாம இன்னொண்ணு செஞ்சேன். நேரம் பாத்துத்தான் விடுவேன். இன்னிக்குக் குவாரி வண்டி சீக்கிரமே கிளம்பிடுச்சு…"

ஆபீசில் விலங்கு கழன்றது. மனைவி உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"அண்ணன் உங்களைப் பாத்தாரா?"

"பாத்தான். 'குதிடா மாப்ளே'ன்னு கத்தினான். குதிச்சேன்."

"அவர் ஏன் குதிக்கலை?"

"பின்னால அத்தனை கல்லு வண்டிங்க. அவன் பிரேக்கை விட்டிருந்தா எல்லாம் என் மேலதான் வந்து விழுந்திருக்கும்."

"இதை ஏன் முதல்லயே எங்கிட்டச் சொல்லலை?"

"நான் தப்பிக்கறதுக்கு அவன் பேரை இழுக்கறேன்னு நினைச்சிருப்பே."

நினைத்துத்தான் இருப்பாள். அது அவளுக்கே தெரிந்தது. அவருடைய முறியாத கையைப் பிடித்துக்கொண்டு, அதுவரை கோபத்தில் அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அழுதாள்.