கத்தியில் மார்லிஸின் பெயர்

இந்த மான் நேற்றுச் செத்தது இல்லை.

மார்லிஸ் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கொட்டகையின் உத்தரத்திலிருந்து தலைகீழாகத் தொங்கிய பிணத்தைப் பார்த்தபடி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

நேற்று சனிக்கிழமை. விஸ்கான்சினில் மான் வேட்டை சீசன் தொடங்கிய நாள்; அதற்கு முன்னால் சுட்டால் குற்றம். விடிந்து கொஞ்ச நேரத்தில் வெண்டெல் இதைப் பனியில் இழுத்துக்கொண்டு வந்தான். "பார்த்தியா என் ராஜாவை! இப்பத்தான் சுட்டேன்!" என்று கத்தினான்.

இப்பத்தான் சுட்ட மானின் கால், இழுத்து வரும்போதே மரக்கட்டை மாதிரி விறைத்திருக்குமா? கண் குழிவிழுந்து பச்சை பூத்திருக்குமா? வயிற்றைக் கிழித்த ஓரம் பழைய செருப்புத் தோலாய்க் காய்ந்திருக்குமா?

அந்தக் கிழிசல் இன்னொன்றும் சொன்னது.

நீளக் கத்தி. நுனி எங்கே போகிறது என்று பிடித்த கைக்கே தெரியாத கத்தி. உள்ளே இரைப்பையைக் குத்தி, நல்ல கறியெல்லாம் நாற வைத்துவிட்ட கத்தி!

அவளுக்கு அந்தக் கத்தியைத் தெரியும். அதில் அவள் பெயரே இருந்தது.

அக்டோபரில் அவளுடைய பிறந்தநாளுக்குக் கடைக்கு அழைத்துப் போயிருந்தான். "உனக்குப் பிடிச்சதை எடு" என்றான். அவள் உள்ளங்கை நீளத்தில் ஆரஞ்சுப் பிடி போட்ட ஒன்றை எடுத்தாள். விலா எலும்புக்குள் இருட்டில் கை நுழையும்போது ஆள்காட்டி விரல் அலகின் நுனிவரை போக வேண்டும். கீழே வைத்தால் சருகில் தொலையக் கூடாது. கத்தியிடம் அவள் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

"இது கேரட் நறுக்கறதுடி!" என்று கடை முழுக்கக் கேட்கச் சிரித்தான் வெண்டெல். முழங்கை நீளத்தில், மான்கொம்புப் பிடி போட்ட ஒன்றைக் கல்லாவில் வைத்தான். "இதுல கரடியையே உரிக்கலாம்!"

"எனக்குக் கரடி வேண்டாமே."

கேட்டால்தானே! அலகில் 'மார்லிஸ்' என்று பொறிக்கச் சொல்லி, வீட்டுக்கு வந்ததும் தன் பெல்ட்டில் மாட்டிக்கொண்டான். ஆரஞ்சுப் பிடியை மறுநாள் அவளே தனியாகப் போய் வாங்கி வந்தாள். இப்போது அதுதான் அவள் கையில் இருந்தது.

சட்டைப்பையில் போன் அலறியது!

"அடியே மார்லிஸ்! எங்கே இருக்கே?" பெர்னீஸ். பக்கத்துப் பண்ணைக்காரி. ஞாயிறானால் சர்ச் முடிந்து நேராக மதுக்கடை. வாரச் செய்திகள் அங்கேதான் தயாராகும்.

"கொட்டகையில. என்னடி?"

"லியோ உன் வீட்டுக்கு வர்றான்!"

"எந்த லியோ?"

"வார்டன் லியோடி! யார் எங்க திருட்டுத்தனமா மான் சுட்டாங்கன்னு மோப்பம் பிடிக்கிறவன்! பிளாஸ்டிக் பையில ஒரு கத்தி வெச்சிருக்கான். இவ்வளோ நீளம்! அதுல ரத்தம்! அப்புறம்..." பெர்னீஸின் குரல் இறங்கியது. "அதுல உன் பேரு இருக்குடி!"

மார்லிஸ் போனை வைத்தாள். தொங்கும் மானைப் பார்த்தாள். மான் அவளைப் பார்க்கவில்லை. பார்க்கும் நிலையில் அதன் கண்கள் இல்லை.

சமையலறையில் வெண்டெல் கால்பந்து பார்த்தபடி சீஸ் தின்றுகொண்டிருந்தான்.

"லியோ வர்றாராம். என் பேரு போட்ட கத்தியோட."

சீஸ் பாதி வழியில் நின்றது. கை தானாக இடுப்பைத் தடவியது. உறை இருந்தது. கத்தி இல்லை!

"ஐயய்யோ..." அவன் முகம் வெளியே கிடந்த பனியைவிட வெளுத்தது. "கட்டை! சதுப்புல அந்தக் கட்டை மேல வெச்சேன்... குடலை எடுத்துட்டுக் கை துடைக்கும்போது வெச்சேன்... மறந்துட்டேன்!"

அந்த ஊரில் வருஷா வருஷம் ஏதாவது ஓர் ஆண் செய்கிற தப்புதான். காட்டில் கத்தி விளைகிறதோ என்று சந்தேகப்படும் அளவுக்கு!

"என்னைக்கு வெச்சே, வெண்டெல்?"

அவன் சீஸ் தட்டைத் தள்ளி வைத்தான்.

"வெள்ளிக்கிழமையா?"

"உனக்கு... எப்படி...?"

"அதோட கண்ணு சொல்லுச்சு."

அவன் நாற்காலியில் சரிந்தான். "வெள்ளி ராத்திரிதான் பனி கொட்டுச்சு. குடல் பனிக்கு அடியில கிடக்கும். சீசனுக்கு முன்னாடியே சுட்டதுன்னு சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிஞ்சிரும்! மார்லிஸ், அது அப்படியே வந்து நின்னுச்சு... மரத்து மேல இருக்கற உன் மேடைக்குக் கீழே. நான் சும்மா பார்க்கத்தான் போனேன்..."

உன் மேடைக்குக் கீழே.

அப்படியானால் அதேதான். போன வருஷம் துப்பாக்கியைத் தோளில் வைத்தும் அவள் சுடாமல் விட்ட மான். அது நடந்து வந்த அழகைப் பார்த்து விரல் மறந்துபோன மான். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவள் அதை வெண்டெலிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவளுடைய சந்தோஷம் எதுவானாலும் அவன் காதில் விழும்போது தேடிப் போகும் முகவரியாகிவிடுகிறது.

"நீ சுட்டேன்னு சொல்லிரு," என்றான் வெண்டெல்.

"என்னது?"

"கத்தியில உன் பேருதானே இருக்கு! எனக்கு ஏற்கனவே திருட்டுத்தனமா வான்கோழி சுட்டு மாட்டின விவகாரம் இருக்கு. இரண்டாவது தடவைன்னா துப்பாக்கி, வண்டி எல்லாம் போயிரும்! உனக்கு முதல் தடவை. மூணு சீசன் வேட்டை லைசென்ஸ் இல்லைன்னு சொல்லுவாங்க, அவ்வளவுதான். உனக்கு என்ன நஷ்டம்? நீ மேல ஏறிச் சும்மாதானே உக்காந்திருக்கே!"

சும்மா.

அந்த மேடை, பைன் மரத்தில் அவளே அறைந்த பலகை. விடியும்முன் அங்கே ஏறினால் உப்பு எங்கே, சாக்ஸ் எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். இருட்டு சாம்பலாகும். சாம்பலிலிருந்து மரங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும். அந்த நேரத்தில் அவள் யாருக்கும் யாருமில்லை. நவம்பரின் சில காலைகளுக்காகத்தான் மற்ற மாதங்களை அவள் நல்லபடியாக நடத்தி முடித்தாள். லைசென்ஸ் போனால், சீசனில் அந்த மரத்தில் அவளுக்கு வேலையில்லை. மேடை வெண்டெலுடையதாகிவிடும்.

"மார்லிஸ்... ப்ளீஸ்..."

வெளியே பனியில் டயர்கள் நொறுநொறுத்தன.

டொக்... டொக்...!

வார்டன் லியோ உள்ளே வந்தார். பெரிய உடம்பு. சாவகாசமான மனுஷன். தொப்பியைக் கழற்றினார், பூட்ஸைத் தட்டினார், பிளாஸ்டிக் பையை மேஜையில் வைத்தார்.

ரத்தம் காய்ந்த அலகு. 'மார்லிஸ்'.

"இது உங்களோடதாம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். வெண்டெல் முந்திக்கொண்டான்.

"அவளோடதுதான்! பேரு இருக்கு பாரு! லியோ, அவளைத் திட்டாதே. பொம்பளைதானே, ஆசைப்பட்டுட்டா!"

"எதுக்கு ஆசைப்பட்டாங்க?" லியோ புருவத்தைத் தூக்கினார்.

"நீதான் பார்த்திருப்பியே... சதுப்புல, அந்தக் கட்டை மேல... பனிக்கு அடியில குடல்... ஒரு நாள் முன்னாடி சுட்டுட்டா. அவ்வளவுதான்! வெள்ளிக்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் என்ன பெரிய வித்தியாசம்!"

 தொலைக்காட்சியில் கூட்டம் ஆரவாரித்தது.

லியோ கத்தியைப் பார்த்தார், வெண்டெலைப் பார்த்தார். அப்புறம் மார்லிஸ் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. நீங்களா சுட்டீங்க?"

வெண்டெலின் கண்கள் கெஞ்சின. அந்தக் கண்களுக்காக அவள் எத்தனையோ முறை ஆமாம் சொல்லியிருக்கிறாள். பிடிக்காத சோபாவுக்கு. போக விரும்பாத ஊர்களுக்கு. கரடி உரிக்கும் கத்திக்கு. ஆமாம் என்பது நாக்கின் நுனியில் பழக்கத்தால் தயாராக நின்றது. அவள் அதை விழுங்கினாள்.

"இல்லை," என்றாள். "நான் சுடலை. அது என் கத்தியும் இல்லை."

கோட்டுப் பையிலிருந்து ஆரஞ்சுப் பிடியை எடுத்து மேஜையில் வைத்தாள். "எனக்குப் பிடிச்சது இது. அது அவருக்குப் பிடிச்சது. என் பேரு போட்டு வாங்கினாரு."

"அவ வெட்கப்படறா லியோ!" வெண்டெல் அலறினான். "வெள்ளி மத்தியானம் துப்பாக்கியை எடுத்துக்கிட்டு என் கண்ணு முன்னாடிதான் காட்டுக்குப் போனா!"

"வெள்ளி மத்தியானமா?" லியோ தாடையைச் சொறிந்தார். "அன்னைக்குக் காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் இவங்க சர்ச் சமையலறையில என் பொண்டாட்டி கூட உருளைக்கிழங்கு ரொட்டி தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்களேப்பா! நான்தான் மாவு மூட்டை தூக்கிட்டுப் போனேன்."

வெண்டெல் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அன்று எங்கே போனாய் என்று அவன் கேட்டிருக்கவில்லை. அவளும் சொல்லியிருக்கவில்லை.

"இன்னொரு விஷயம்," என்றார் லியோ. "சதுப்புன்னு நான் சொல்லவே இல்லையே? கட்டைன்னும் சொல்லலை. நான் அந்தப் பக்கமே போகலைப்பா."

"அப்ப... கத்தி...?"

"மதுக்கடை வாசல்ல கிடந்துச்சு. நேத்து மானைக் காட்டறதுக்கு வண்டியை அங்க நிறுத்தினியாமே? வண்டியோட பின்பக்கத்திலேர்ந்து விழுந்திருக்கு. பேரு இருந்துச்சேன்னு கொடுத்துட்டு, ஒரு காபி குடிச்சிட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஆனா... அதுல ரத்தம் இருக்கே!"

"டேய், இந்த வாரம் இந்த ஊர்ல ரத்தம் இல்லாத கத்தியைப் பார்த்தாத்தான் எனக்குச் சந்தேகம் வரும்!"

கட்டை மேல் வைத்த கத்தியை எடுத்து வண்டியில் எறிந்தது வெண்டெலுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

லியோ பெருமூச்சு விட்டுத் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "கோட்டை எடு. அந்தக் கட்டையை எனக்குக் காட்டு. துப்பாக்கியையும் நான் எடுத்துக்கணும். அப்புறம் கொட்டகை, மான், எல்லாம் இருக்கு. காபி இன்னொரு நாள் குடிக்கறேம்மா."

வெண்டெல் கோட்டின் கையைத் தப்பாக நுழைத்து, உருவி, மறுபடி நுழைத்தான். வாசலில் நின்று திரும்பினான். சின்னப் பையன் முகம். அந்த முகத்தை நம்பித்தான் அவள் கல்யாணம் செய்துகொண்டாள்.

"மார்லிஸ்... சீசன் வந்தா நான் என்ன பண்ணுவேன்? துப்பாக்கி இல்லாம சும்மா... உன்கூட மேடையில வந்து உக்காந்துக்கட்டுமா? ஒரு வார்த்தை பேச மாட்டேன்! சத்தியமா!"

அவள் யோசித்தாள். பலகையில் இன்னொருவருக்கு இடம் இருந்தது. இருட்டு சாம்பலாகும் அந்த நேரத்துக்குள் இன்னொருவருக்கு இடம் இல்லை.

"வேண்டாம், வெண்டெல்," என்றாள் மெதுவாக. "பேசாம இருக்கத் தெரிஞ்சிருந்தா, இந்நேரம் நீ லியோவுக்குக் காபி ஊத்திக்கிட்டு இருந்திருப்பே."