ஃப்ரிட்ஜில் வைத்த தேன்கீற்று

“வாரம் பூரா எங்க பல்லுல பூச்சி தேடறீங்க. லீவு நாள்லயும் பூச்சிதானா, டாக்டர்?”

வாயிலிருந்த பஞ்சைத் துப்பிவிட்டு ஒரு நோயாளி ஒருமுறை இப்படிக் கேட்டார்.

“இந்தப் பூச்சிங்க என்னைப் பார்த்து அலறறதில்லையே,” என்றாள் பல் டாக்டர்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவள் தபால்காரர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கூடவே வாத்தியார். வட்டாரத்தில் எந்த அந்துப்பூச்சி எங்கே இருக்கிறது என்று பதிவு செய்வது அவர் பொறுப்பு. உயிருள்ள பூச்சியை அவர் நேரில் பார்த்துச் சரி என்று சொல்லாமல் எதுவும் பட்டியலில் ஏறாது.

தபால்காரர் கேட் அருகிலேயே காத்திருந்தார். முகமெல்லாம் பல்.

“நேத்துச் சாயங்காலம் கால்வாய்க்கரைப் புதர்ல பிடிச்சேன் சார். தேன்கீற்றேதான்! டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜுல வெச்சிருக்கேன்.”

“போன வருஷமும் இதேதான் சொன்னே,” என்றார் வாத்தியார். “கடைசியில சாம்பல்குட்டி.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டும் விரல் நகம் அளவுதான், இரண்டும் சாம்பல் நிறம்தான். தேன்கீற்றுக்கு மட்டும் முன்னிறக்கை ஓரத்தில், தேனைத் தொட்டு இழுத்தது போல ஒரு கோடு இருக்கும். கோடு இல்லையென்றால் அது தெருவிளக்குக்குத் தெருவிளக்கு மொய்க்கும் சாம்பல்குட்டி.

தபால்காரருக்கு இது வெறும் பெருமைக்கான விஷயமில்லை. திங்கட்கிழமை அந்தப் புதரை வெட்ட ஆள் வருகிறது. அங்கே அரிய பூச்சி இருப்பதாக வாத்தியார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்த ஓரத்தை விட்டுவிடுவதாக நகராட்சிப் பொறியாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அவர்கள் உள்ளே நுழையும்போது தபால்காரர் மனைவியும் கடையிலிருந்து ரொட்டியோடு வந்து சேர்ந்தாள்.

“வாங்க, அக்கா. நீங்களாவது சொல்லுங்க. வெண்ணெய்க்குப் பக்கத்துல பூச்சி வைக்கிற வீடு எங்கயாவது உண்டா?”

சமையலறையில் அவளுடைய அண்ணன் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர், மாடியில் குடியிருப்பவர். தோளில் எப்போதும் போல் கேமராப் பை.

“ஒரு படம் எடுத்துடுங்களேன்,” என்றாள் டாக்டர்.

“பேட்டரி தீர்ந்துபோச்சு, டாக்டர்.”

மனைவி ஃப்ரிட்ஜைத் திறந்து, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து நீட்டினாள். மூடியில் தபால்காரர் கையெழுத்தில் தேதியும் இடமும் எழுதிய சீட்டு. டாக்டர் மூடியை லேசாக நகர்த்தியதுதான் தாமதம், உள்ளே இருந்தது படபடவென்று டப்பாவின் சுவரில் மோதியது. சட்டென்று மூடினாள்.

வாத்தியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மூடி வழியே வெகுநேரம் பார்த்தார்.

“சாம்பல்குட்டி.”

தபால்காரர் டப்பாவை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கோட்டைக் காணோம்.

“இல்ல சார்... நேத்து இருந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்.”

“சாயங்கால வெளிச்சத்துல எல்லாமே தேன் கலராத்தான் தெரியும், மாப்ள,” என்றார் மைத்துனர் ஆதரவாக. “விடுங்க.”

தபால்காரர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “அப்ப நாளைக்கு வெட்டிடுவாங்க,” என்றார் யாரையும் பார்க்காமல்.

டாக்டர் தன் பையிலிருந்து லென்ஸை எடுத்தாள். கடைவாய்ப்பல்லின் இடுக்கைப் பார்ப்பது போல டப்பாவின் மூலை முடுக்கெல்லாம் பார்த்தாள். பிறகு மனைவியிடம் திரும்பினாள்.

“டப்பா புதுசாம்மா?”

“பழசுதான். நேத்துச் சாயங்காலம் நான்தான் வெந்நீர்ல தேய்ச்சுக் கழுவிக் குடுத்தேன். இவர் பூச்சிக்கு நான் பாத்திரம் கழுவணும்! என் தலையெழுத்து.”

“துடைச்சீங்களா?”

“பளபளன்னு.”

“காலைல அதைப் பார்த்தீங்களா?”

“ஏழரைக்கு வெண்ணெய் எடுக்கும்போது பார்த்தேன். செத்தது மாதிரி கிடந்துச்சு. அப்பாடான்னு நினைச்சேன்.”

“அப்புறம்?”

“கடைக்குப் போயிட்டேன். இப்பதான் உங்க கூட உள்ள வர்றேன்.”

“நீங்க?”

“ஏழு மணியிலேர்ந்து கேட்டுலயே நிக்கறேன், டாக்டர். உங்க வழியப் பார்த்துக்கிட்டு,” என்றார் தபால்காரர்.

டாக்டர் லென்ஸை வாத்தியார் கையில் கொடுத்தாள்.

“சார், டப்பாச் சுவர்ல அடியோரமாப் பாருங்க. கடுகை விடச் சின்னதா, பச்சையா.”

“முட்டை,” என்றார் வாத்தியார். “அஞ்சாறு இருக்கு. அதுக்கென்ன? பிடிச்ச பூச்சி டப்பாவுக்குள்ளயே முட்டை போடறது வழக்கம்தானே.”

“இப்ப உள்ள இருக்கறவரோட உணர்கொம்பைப் பாருங்க.”

வாத்தியார் பார்த்தார். அவருடைய புருவம் ஏறியது. “சீப்பு மாதிரி இருக்கு. பெண்ணுக்கு நூல் மாதிரில்ல இருக்கணும்...”

“ஆமா சார், இவர் ஆம்பளை. நேத்துச் சாயங்காலம் கழுவித் துடைச்ச டப்பாவுல முட்டை போட்டவ வேற யாரோ. ராத்திரி இந்த டப்பாவுல இருந்தவளைக் காலைல யாரோ மாத்தியிருக்காங்க. மூடியில தபால்காரர் கையெழுத்து இருக்கறதால டப்பாவை மாத்த முடியல, பூச்சியை மட்டும் மாத்தினாங்க. முட்டை கண்ணுக்குத் தப்பிடுச்சு.”

“காலைலதான்னு எப்படிச் சொல்றே?”

“எதுக்குப் பூச்சியை ஃப்ரிட்ஜுல வைக்கிறோம், சார்? குளிர்ல மரத்துப்போய் அசையாம இருக்கும், நிதானமாப் பார்க்கலாம்னுதானே? ஏழரைக்குச் செத்தது மாதிரி கிடந்தது. ஆனா ஃப்ரிட்ஜுல இருந்து நேரா என் கைக்கு வந்த இவர், மூடியைத் தொட்டதும் துள்ளிக் குதிச்சாரு. அவர் உடம்புல இன்னும் குளிரே ஏறல. நாங்க வாசல்ல செருப்பைக் கழட்டின நேரத்துலதான் ஃப்ரிட்ஜுக்குள்ள போயிருக்காரு.”

தங்கை அண்ணன் பக்கம் திரும்பினாள். அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருந்தவர் ஒருவர்தான். காபி ஆறிக்கொண்டிருந்தது.

“நீங்க ரொட்டியையே நாலு கோணத்துல படம் எடுக்கற ஆளு,” என்றாள் டாக்டர் மைத்துனரிடம் மெதுவாக. “இன்னைக்குப் பையோட ஜிப்பையே திறக்கல. உள்ள அது மூச்சு முட்டப் போகுது.”

அவர் பையைத் தோளிலிருந்து இறக்கினார். ஜிப்பைத் திறந்து, ஒரு சின்ன ஃபிலிம் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“ஏண்ணே?” என்றாள் தங்கை.

“மூணு வருஷமா மாடியில வெள்ளைத் துணி கட்டி விளக்குப் போட்டுப் பூச்சிக்காக உக்காந்திருக்கேன். பேர் சொல்ற மாதிரி ஒண்ணுகூட வரல. இந்தச் சாம்பல்குட்டிதான் வரும். நம்ம மாடியில கிடைச்சதா எழுதிக்கலாம்னு...” அவர் நிறுத்தினார். “புதரை யோசிக்கல, மாப்ள. சத்தியமா யோசிக்கல.”

“யோசிச்சிருந்தா மட்டும்?” தங்கை விடுவதாயில்லை. “ஒரே வீட்டுல மாடிப் பூச்சி, கீழ்ப் பூச்சின்னு பாகப்பிரிவினை! வெக்கமா இல்ல?”

வாத்தியார் ஃபிலிம் டப்பாவைச் சற்று நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தார். மூடியைத் திறந்து வெள்ளைத் தட்டில் கவிழ்த்தார். அசையாமல் உட்கார்ந்திருந்தது. இறக்கை ஓரத்தில் தேன் நிறக் கோடு. அவர் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

“என் காலத்துல இதைப் பார்ப்பேன்னு நினைக்கல,” என்றார். பிறகு தபால்காரரிடம், “போன வருஷம் நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன், தம்பி. பேனா இருந்தாக் குடு. கையெழுத்தை இப்பவே போட்டுடறேன்.”

தபால்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். சிரிப்பு அடங்கவேயில்லை. “முட்டையெல்லாம் சாயங்காலம் புதர்லயே கொண்டுபோய் விட்டுடறேன் சார். இனிமே அதுங்க வீடு.”

பூச்சி லேசாக இறக்கையை நடுக்கியது.

“சூடு ஏறுது,” என்றாள் டாக்டர். “எழுத்தோட படமும் இருந்தா நல்லது. சீக்கிரம்.”

தபால்காரர் மைத்துனரைப் பார்த்தார். வாசல் பக்கம் போக நகர்ந்திருந்தவரின் கையைப் பிடித்து மேசைக்கு இழுத்தார்.

“மச்சான், என் ஃபோன்ல எடுத்தா கரப்பான் மாதிரி விழும். நீங்க எடுங்க.”

மைத்துனர் கேமராவை வெளியே எடுத்தார். பேட்டரி நன்றாகவே இருந்தது. ஜன்னல் திரையை விலக்கி, வெளிச்சம் கோட்டின்மேல் சாய்வாக விழும்படி தட்டைத் திருப்பினார். மூச்சை அடக்கிக்கொண்டு மேலிருந்து எடுத்தார், பக்கவாட்டில் எடுத்தார், முழங்கால் போட்டு உணர்கொம்பை எடுத்தார். நூல் போன்ற அந்தக் கொம்பு கேமராத் திரையில் இழை இழையாகத் தெரிந்தது. வாத்தியார் “அடேயப்பா!” என்றார்.

மைத்துனர் கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றித் தபால்காரரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். பையை மாட்டிக்கொண்டார். தங்கை நீட்டிய காபியை வாங்கிக்கொண்டு, மாடிப்படி ஏறிப் போனார்.